ஸ்டீயரிங் ஆடுகிறதா? பழைய செவெல் காரில் தேட வேண்டிய வரிசை

நேரான சாலையில் 55 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டீயரிங் வீலை இடப்பக்கம் ஓர் அங்குலம் திருப்புகிறீர்கள், கார் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் சட்டென்று பக்கத்துத் தடத்தை நோக்கி நகர்கிறது. பதறி வலப்பக்கம் திருப்பினால் அங்கேயும் அதே கதை. பெரிய இன்ஜின் போட்ட பழைய அமெரிக்க மசில் கார் வாங்கிய முதல் வாரத்தில் பலருக்கும் நடப்பது இது. பழைய கார் அப்படித்தான் இருக்கும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். 1968-ல் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இவை அப்படி ஓடவில்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத கார் கனமாக இருக்கும், வளைவில் நிறையச் சுற்ற வேண்டியிருக்கும். அது அதன் இயல்பு. ஆட்டம் இயல்பு அல்ல, தேய்மானம்.

போனட்டைத் திறந்தால், ஸ்டீயரிங் வீலின் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸின் மூடியில் ஒரு திருகும் அதைச் சுற்றி ஒரு லாக் நட்டும் கண்ணில் படும். எல்லோருடைய கையும் முதலில் அதற்குத்தான் போகும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். நான் வாங்கிய 1968 செவெல்லில் எனக்கு முந்தைய உரிமையாளர் ஒரு பட்டறையில் கொடுத்து, ஆட்டம் போகும்வரை அந்தத் திருகை இறுக்க வைத்திருந்தார். ஆட்டம் குறைந்தது உண்மைதான். ஆனால் வளைவில் திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கையால் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. பாக்ஸைத் திறந்து பார்த்தபோது உள்ளே எஃகுக் குண்டுகள் ஓடும் தடத்தில் குழிகள் விழுந்திருந்தன. அந்த பாக்ஸ் அதோடு முடிந்தது. இத்தனைக்கும் ஆட்டத்தின் பெரும்பங்கு பாக்ஸில் இல்லவே இல்லை. ஒரு ரப்பர் இணைப்பிலும் அடியில் உள்ள ஐட்லர் ஆர்ம் என்ற தாங்கும் கையிலும்தான் இருந்தது.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே வரிசையில் போகிறது: முதலில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பது, வெளியே தேய்ந்தவற்றை மாற்றுவது, கடைசியில்தான் பாக்ஸ்.

இங்கே நான் சொல்வது 1960-களின் பிற்பகுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த செவ்ரோலெட் செவெல், கமாரோ, நோவா, அவற்றின் உறவுக்காரரான போன்டியாக் ஜிடிஓ ஆகிய கார்களுக்குப் பொருந்தும். இவற்றில் பவர் இல்லாத ஸ்டீயரிங் என்றால் பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு செய்த பாக்ஸ்தான் இருக்கும். மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. ஃபோர்டு மஸ்டாங்கிலும் கிரைஸ்லர் கார்களிலும் பாக்ஸ் வேறு, அளவுகள் வேறு. தேடும் முறை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் காரின் ஆண்டுக்கான தொழிற்சாலைக் கையேட்டை வாங்கிவிடுங்கள். மறுபதிப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. நான் தரும் எண்ணும் கையேட்டில் உள்ள எண்ணும் வேறுபட்டால் கையேடு சொல்வதே சரி.

சிறிய தேய்மானம், பெரிய ஆட்டம்

உங்கள் கையிலிருந்து டயர் வரை என்ன இருக்கிறது என்று ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் தண்டு கீழே இறங்கி, துணியும் ரப்பரும் சேர்த்துச் செய்த ஒரு வட்டத் தகட்டில் முடிகிறது. அமெரிக்க மெக்கானிக்குகள் இதை ராக் ஜாயிண்ட் என்பார்கள். அதற்கு அடுத்து பாக்ஸ். பாக்ஸின் அடியிலிருந்து வரும் தண்டில் பிட்மேன் ஆர்ம் மாட்டியிருக்கும். அது சென்டர் லிங்க் என்ற நீண்ட கம்பியை இடமும் வலமும் தள்ளும். கம்பியின் மறுமுனையைத் தாங்குவது ஐட்லர் ஆர்ம். சென்டர் லிங்கிலிருந்து இருபுறமும் சக்கரங்களைத் திருப்பும் டை ராடு என்ற கம்பிகள், ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு எண்டுகள், அதாவது மூட்டு முனைகள். அப்புறம் சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிள், அதைப் பிடித்திருக்கும் மேல் கீழ் பால் ஜாயிண்டுகள், கடைசியாக வீல் பேரிங்.

எண்ணிப் பார்த்தால் ஒரு டஜனுக்கு மேல் இணைப்புகள். ஒவ்வொன்றிலும் மயிரிழை ஆட்டம் வந்தால்கூட எல்லாம் சேர்ந்து உங்கள் கைக்கு வரும். எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். இந்த பாக்ஸ்களில் வழக்கமான விகிதம் 24-க்கு 1. அதாவது ஸ்டீயரிங் 24 பாகை திரும்பினால் பிட்மேன் ஆர்ம் 1 பாகை திரும்பும். 16 அங்குல ஸ்டீயரிங் வீலின் விளிம்பில் ஓர் அங்குலம் என்பது ஏறத்தாழ 7 பாகை. அதை 24-ஆல் வகுத்தால் பிட்மேன் ஆர்மில் 0.3 பாகை. ஆர்மின் நீளம் 6 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் அதன் நுனியில் அசைவு வெறும் 0.8 மில்லிமீட்டர். திருப்பிச் சொன்னால், அடியில் ஏதோ ஓர் இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலே உங்கள் கையில் ஓர் அங்குலத்துக்கு மேல் ஆட்டம் தெரியும். அடியில் படுத்துப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மறக்காதீர்கள். கொஞ்சம்தானே அசைகிறது என்று எதையும் ஒதுக்கிவிடக் கூடாது.

முதலில் டயர்

காற்று குறைந்த டயர் ஸ்டீயரிங்கைக் கனமாக்கும், கூடவே மந்தமாகவும் ஆக்கும். ரேடியல் டயர் என்றால் முன்னால் 32 பவுண்டு வைத்து ஓட்டிப் பாருங்கள். 60-களின் கையேட்டில் 24 என்று இருக்கலாம். அது, உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாக ஓடும் அந்தக் காலத்து பயாஸ் டயருக்கான எண். அசல் தோற்றத்துக்காக இப்போதும் பயாஸ் டயர் போட்டிருந்தால், சாலையில் உள்ள பள்ளக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு கார் தானாக அலையும். அதை ஸ்டீயரிங் ஆட்டம் என்று தவறாக நினைத்து இணைப்புகளை மாற்றியவர்கள் உண்டு. வீலைத் திருப்பினால் கார் உடனே கேட்கிறது, ஆனாலும் நேராக ஓடாமல் அலைகிறது என்றால் அது டயர் அல்லது அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்கள். வீலைத் திருப்பியும் கார் கேட்கவில்லை என்றால் மட்டுமே அது ஆட்டம்.

தரையில் நிறுத்திச் செய்யும் சோதனை

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், இன்னொரு ஆள் போதும். காரை ஜாக்கியில் தூக்காமல், நான்கு டயரும் தரையில் பட, சக்கரங்களை நேராக வைத்து நிறுத்துங்கள். இன்ஜின் ஓட வேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங் வீலை இடமும் வலமும் இரண்டு அங்குலம், நிதானமாக, விடாமல் ஆட்ட வேண்டும். என் வீட்டில் இந்த வேலை மகளுடையது. "அப்பா, இவ்வளவு போதுமா?" என்று கேட்பாள். "போதும்மா, நான் சொல்றவரைக்கும் நிறுத்தாம ஆட்டு" என்பேன். சக்கரம் திரும்ப வேண்டியதில்லை. டயர் தரையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்து நிற்பதால், தேய்ந்த இணைப்பு எதுவோ அது மட்டும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மேலிருந்து கீழே வரிசையாகப் பாருங்கள், தாண்டிப் போகாதீர்கள். போனட்டைத் திறந்து ராக் ஜாயிண்டில் ஒரு விரலை வையுங்கள். மேலே உள்ள தண்டு திரும்பிய பிறகு கொஞ்சம் தாமதித்துக் கீழே உள்ளது திரும்புகிறதா? அப்படியானால் ரப்பர் தளர்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றாகத் திரும்பினால் அடுத்து பாக்ஸுக்குள் நுழையும் தண்டைப் பாருங்கள். திரும்பும்போது அது பாக்ஸுக்குள்ளே போய் வெளியே வருகிறதா? அது உள்ளே உள்ள பேரிங்கின் தளர்வு. பாக்ஸ் மொத்தமாகவே சேஸிஸில் அசைகிறதா? அப்படியானால் அதைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகள் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் அந்த இடத்தில் சேஸிஸ் வெடித்திருக்கும். வெடிப்பு இருந்தால் வேறெதையும் தொடாமல் முதலில் அதைப் பற்றவைக்க வேண்டும். டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள், துருவும் அழுக்கும் வெடிப்பை மறைக்கும்.

இப்போது காருக்கு அடியில் போங்கள். நுழையும் தண்டு திரும்புகிறது, பிட்மேன் ஆர்ம் அசையவில்லை என்றால் ஆட்டம் பாக்ஸுக்குள்ளே. பிட்மேன் தண்டு திரும்புவதற்குப் பதில் பக்கவாட்டில் ஆடினால் உள்ளே அதைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்திருக்கிறது. அதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது. பிட்மேன் ஆர்மிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக விரல் வைத்துக்கொண்டே போங்கள். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில், பாதி விரல் ஒன்றிலும் பாதி மற்றதிலும் படும்படி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட விரலுக்குத் தெரியும். நான் கற்றுக்கொண்டதிலேயே எனக்கு மிகவும் உதவிய பழக்கம் இதுதான்.

ஐட்லர் ஆர்முக்குத் தனிக் கவனம் வேண்டும். சென்டர் லிங்க் சேரும் முனையைக் கையால் மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை தள்ளிப் பாருங்கள். சுமார் 25 பவுண்டு விசையில் மேலே எட்டில் ஓர் அங்குலம், கீழே எட்டில் ஓர் அங்குலம், இதற்குமேல் போனால் மாற்றியாக வேண்டும். 25 பவுண்டு என்பது ஏறத்தாழ 11 கிலோ. இரும்புக் கம்பி வைத்து நெம்பினால் நல்ல ஆர்மும் அசையும், அதனால் கைவிசை போதும். ஐட்லர் ஆர்ம் மேலும் கீழும் ஆடினால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் உள்ளேயும் வெளியேயும் திரும்பும். மேடு பள்ளத்தில் கார் தானாக ஒரு பக்கம் குதிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு இடங்களில் ஆட்டம் இருக்கும்.

ஜாக்கியில் ஏற்றி

பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்டு வைக்காமல் அடியில் தலையை நுழைக்கவே கூடாது.

சக்கரத்தைச் சேஸிஸோடு இணைப்பவை மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் என்ற இரண்டு கைகள். செவெல், கமாரோ போன்றவற்றில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்டாண்டைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அங்கே வையுங்கள். சேஸிஸில் வைத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாயிண்டை இறுக்கிப் பிடித்து, தேய்ந்ததைக்கூட நல்லது போலக் காட்டும். பழைய மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்மில் இருப்பதால் அங்கே நேர்மாறு: மேல் ஆர்முக்கும் உடலுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து, உடலைத் தூக்க வேண்டும்.

டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே இருப்பவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். பிறகு டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டுகள் தெரியும்.

பேரிங் என்றால் செலவே இல்லாமல் தீரக்கூடும். உருளை பேரிங் உள்ள கார்களில், சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை 12 அடி-பவுண்டு முறுக்கு விசைக்கு இறுக்கி, பேரிங் சரியாக உட்கார்ந்ததும் தளர்த்தி, மீண்டும் விரலால் மட்டும் இறுக்க வேண்டும். நட் கழலாமல் இருக்கக் குறுக்கே போடும் ஸ்பிலிட் பின்னுக்கான துளை சேராவிட்டால் அடுத்த துளை வரும்வரை தளர்த்தலாமே தவிர இறுக்கக் கூடாது. பழைய பின்னை மறுபடி போடாதீர்கள். சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கையே மாற்றிவிடுங்கள்.

ராக் ஜாயிண்ட்

ஐம்பது ஆண்டு இன்ஜின் சூட்டையும் எண்ணெய்க் கசிவையும் வாங்கிய ரப்பர் இது. எண்ணெய் பட்டு ஊறியிருந்தாலோ ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ, ஆட்டம் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். விலை குறைவு, பலன் உடனே தெரியும்.

வாங்கும் முன் பாக்ஸ் தண்டின் பற்களை அளந்துகொள்ளுங்கள். பவர் பாக்ஸுக்கும் சாதா பாக்ஸுக்கும் தண்டின் பருமன் வேறு. மாற்றி வாங்கினால் உட்காராது. அடித்து உட்கார வைக்கவும் முயலக் கூடாது. 1967 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் விபத்தின்போது உள்ளே மடங்கிப்போகும் ஸ்டீயரிங் தண்டு வந்தது. அதன் பகுதிகளைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் ஊசிகள். சுத்தியலால் அடித்தால் அவை உடைந்துவிடும், பிறகு தண்டு முழுவதையும் மாற்ற வேண்டியதுதான்.

கழற்றும்போது பாக்ஸின் மூன்று போல்ட்டுகளைத் தளர்த்தி அதைச் சற்று முன்னால் நகர்த்தினால் இடம் கிடைக்கும். ஜாயிண்டின் இரண்டு போல்ட்டுகளும் வெவ்வேறு பருமன் என்பதைக் கவனியுங்கள். தலைகீழாக மாட்டிவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். மாட்டி முடித்ததும் ரப்பர் தட்டையாக இருக்க வேண்டும். கிண்ணம் போலக் குவிந்திருந்தால் பாக்ஸும் தண்டும் சரியான தூரத்தில் இல்லை என்று பொருள். மாற்றிய பிறகு ஹாரன் அடிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஹாரனுக்கான எர்த் இந்த ஜாயிண்ட் வழியாகத்தான் போகிறது, அந்த உலோகத் தொடர்பு விட்டுப்போயிருக்கும்.

அடியில் உள்ள இணைப்புகள்

டை ராட் எண்டைக் கழற்ற இரண்டு பல் உள்ள கவைக் கம்பியை அடித்து இறக்குவார்கள். கழற்றுவது நல்ல எண்டாக இருந்து மறுபடி மாட்டப்போகிறீர்கள் என்றால் அந்தக் கம்பி வேண்டாம், ரப்பர் உறையைக் கிழித்துவிடும். இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் போட்டு எடுங்கள்.

பழையதைக் கழற்றும் முன் அதன் நீளத்தை அளந்து எழுதுங்கள். இரண்டு கிரீஸ் நிப்பிள்களின் நடுப்புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் எடுத்தால் சுலபம். ஒரு முனையில் வலது மரையும் மறுமுனையில் இடது மரையும் இருக்கும், வாங்கும்போது சொல்லி வாங்குங்கள். புதியதை அதே நீளத்துக்கு வைத்தால் அலைன்மென்ட் கடை வரை ஓட்டிக்கொண்டு போகலாம். நட்டைக் கையேட்டு அளவுக்கு இறுக்கிய பிறகு பின் துளை சேராவிட்டால் இங்கே இறுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்தக் கூடாது. வீல் பேரிங்குக்கு நேர்மாறான விதி இது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஆபத்து என்பதால் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு பக்க எண்டு தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான். நான்கையும் ஐட்லர் ஆர்மையும் ஒன்றாகவே மாற்றிவிடுவது என் வழக்கம். எல்லாவற்றுக்கும் கிரீஸ் அடித்துவிட்டு, மறுபடி அந்தத் தரைச் சோதனையைச் செய்யுங்கள். பல கார்களில் வேலை இங்கேயே முடிந்துவிடும். ஓட்டிப் பார்த்து ஆட்டம் போயிருந்தால் பாக்ஸைத் தொட வேண்டாம்.

கடைசியாக பாக்ஸ்

பாக்ஸுக்குள் ஒரு திருகுத் தண்டு இருக்கிறது. அதன் மேல் ஒரு பெரிய நட் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் வரிசையாக உருண்டு, ஒரு சிறு குழாய் வழியே திரும்பி வந்து மறுபடி நுழைகின்றன. நட்டின் ஒரு பக்கத்தில் பற்கள். அவை பிட்மேன் தண்டின் பற்களோடு கடித்து அதைத் திருப்புகின்றன. குண்டுகள் உராயாமல் உருள்வதால்தான் பவர் இல்லாமலே இவ்வளவு கனமான காரைத் திருப்ப முடிகிறது.

சரிசெய்யும் இடங்கள் இரண்டு. ஒன்று, தண்டு பாக்ஸுக்குள் நுழையும் முனையில் உள்ள பெரிய வட்ட நட். இது திருகுத் தண்டின் இரு முனைப் பேரிங்குகளையும் இறுக்குகிறது. இரண்டாவது, மூடியில் உள்ள திருகு. இது பற்களின் கடியை இறுக்குகிறது. முதலில் பேரிங், பிறகுதான் பற்கள். பேரிங் தளர்ந்திருக்கும்போது பற்களை இறுக்கினால் அளவு எதுவும் பொருளில்லாமல் போய்விடும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கார் நேராக ஓடும்போது வரும் நடு இடத்தில் மட்டும் பற்கள் இறுக்கமாகக் கடிக்கும்படியும், இருபுறமும் கொஞ்சம் தளர்வாக இருக்கும்படியும் இதைச் செய்திருக்கிறார்கள். அதனால் பற்களின் இறுக்கத்தை நடு இடத்தில் மட்டுமே அளக்க வேண்டும். ஓரத்தில் வைத்து ஆட்டம் தெரிகிறதே என்று இறுக்கினால், நடுவுக்கு வரும்போது பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும்.

பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். பிட்மேன் ஆர்மும் தண்டும் சேரும் இடத்தில் கோடு போட்டு அடையாளம் வைத்து, பெரிய நட்டைக் கழற்றி, புல்லரால் ஆர்மை இறக்குங்கள். சுத்தியல் வேண்டாம், அடி நேராக உள்ளே உள்ள பேரிங்கில் விழும். ஆர்ம் கழன்ற பிறகு ஸ்டீயரிங்கை வேகமாகச் சுற்றிக் கடைசிவரை மோத விடாதீர்கள். குண்டுகள் திரும்பும் குழாயின் முனை நசுங்கிவிடும். இது பலருக்கும் தெரிவதில்லை.

மூடித் திருகின் லாக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்று வெளியே எடுங்கள். ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு பக்கம் முடியும்வரை கொண்டுபோய், அங்கிருந்து ஒரு சுற்றுத் திரும்புங்கள். இப்போது பற்கள் தளர்வாக இருப்பதால் கைக்குத் தெரியும் இறுக்கம் பேரிங்கினுடையது மட்டும். ஹாரன் மூடியை எடுத்துவிட்டு, வீலின் நட்டில் முறுக்கு விசையை அங்குல-பவுண்டில் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். முள் அல்லது டயல் உள்ள ரெஞ்சாக இருக்க வேண்டும். கிளிக் சத்தம் போடும் வகை இவ்வளவு சிறிய அளவுக்கு உதவாது. 5 முதல் 8 அங்குல-பவுண்டு இருந்தால் சரி. குறைவாக இருந்தால் வட்ட நட்டின் லாக் வளையத்தைத் தளர்த்தி, நட்டைத் துளித் துளியாக உள்ளே திருப்பி, வளையத்தை இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். வளையத்தை இறுக்கும்போதே அளவு மாறும். நான்கைந்து முறை செய்யாமல் சரியாக வராது. அவசரப்பட வேண்டாம்.

அந்த ரெஞ்ச் இல்லையா? மீன் எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு போதும். 16 அங்குல வீலின் விளிம்பு நடுவிலிருந்து 8 அங்குலத்தில் இருக்கிறது. விளிம்பில் தராசைக் கட்டி, விளிம்பு சுற்றும் திசையிலேயே 1 பவுண்டு விசையில் இழுத்தால் அது 8 அங்குல-பவுண்டு. ஆக, 280 முதல் 450 கிராம் காட்டும்போது வீல் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: மேலே உள்ள தண்டின் உராய்வும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். ராக் ஜாயிண்டைக் கழற்றி, தண்டு மட்டும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துக் கழித்துக்கொண்டால் அளவு துல்லியமாகும்.

அடுத்து நடு இடம். ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் சரிபாதி திரும்பி வந்தால் நடு. மூடித் திருகைக் கடிகாரத் திசையில் ஆட்டம் போகும்வரை திருப்புங்கள். பிட்மேன் தண்டைக் கையால் பிடித்துப் பார்த்தால் ஆட்டம் போனது தெரியும். லாக் நட்டை இறுக்கிவிட்டு, நடுவைத் தாண்டி இருபுறமும் சுற்றும்போது வரும் உச்ச அளவைப் பாருங்கள். முன்பு பேரிங்குக்கு வைத்த அளவைவிட 4 முதல் 10 அங்குல-பவுண்டு கூடுதலாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்த மொத்தத்துக்கும் கையேட்டில் ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டக் கூடாது. நான் எப்போதும் கீழ் எல்லையை ஒட்டியே வைப்பேன். துளி ஆட்டம் மிச்சம் இருந்தாலும் ஓட்டலாம். இறுகிப்போன பாக்ஸ் வளைவில் உங்களை மாட்டிவிடும்.

நடுவில் சரியாக வைத்த பிறகு இருபுறமும் இறுக்கமாகிறதா? சுற்றும்போது சொரசொரவென்று கைக்குத் தெரிகிறதா? நடுப் பற்கள் மட்டும் தேய்ந்துவிட்டன, அல்லது தடத்தில் குழி விழுந்துவிட்டது. இதற்கு மேல் திருகில் தீர்வு இல்லை. பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும், அல்லது புதுப்பித்த பாக்ஸ் வாங்க வேண்டும். அப்படி வாங்கும்போது 16-க்கு 1 விகிதத்தில் உள்ள வேகமான பாக்ஸ் ஆசை காட்டும். நெடுஞ்சாலையில் அது அருமைதான். ஆனால் முன்னால் பெரிய வி8 இன்ஜினின் கனத்தை வைத்துக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் அதைத் திருப்பத் தோளில் பலம் வேண்டும். பவர் இல்லாமல் ஓட்டுவதென்றால் 24-லேயே இருங்கள் என்பேன்.

உள்ளே கிரீஸ் குறைந்திருந்தால் சேஸிஸுக்கு அடிக்கும் கெட்டி கிரீஸைத் திணிக்காதீர்கள். பற்கள் அதில் ஒரு பள்ளத்தை வெட்டிக்கொண்டு, அதன் பிறகு கிரீஸே படாமல் ஓடும். கியர் ஆயிலும் வேண்டாம், சீல் வழியே கசிந்துவிடும். பாதி திரவமாக, தானாக வழிந்து திரும்பும் பதத்தில் உள்ள ஸ்டீயரிங் பாக்ஸ் கிரீஸ்தான் வேண்டும். மக்காச்சோளம் அறுக்கும் இயந்திரங்களுக்காக ஜான் டீர் விற்கும் கிரீஸை இங்கே பலரும் பயன்படுத்துகிறார்கள். நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன். மூடியில் எதிரெதிராக உள்ள இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, ஒரு துளையில் மெதுவாகச் செலுத்தினால், நிரம்பியதும் மற்றதில் வெளியே வரும்.

பிட்மேன் ஆர்மை அடையாளக் கோடு சேரும்படி மாட்டி, நட்டைக் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். 100 அடி-பவுண்டுக்கு மேல் வரும் என்பதால் நீளமான ரெஞ்ச் தேவை.

அலைன்மென்ட்

கடைக்காரர் 1968-ன் பழைய அளவுகளைத் திரையில் எடுத்து வைத்துக்கொள்வார். அந்த அளவுகள் பயாஸ் டயருக்கானவை. பவர் இல்லாத காரில் திருப்புவது லேசாக இருக்க வேண்டும் என்பதற்காகக் காஸ்டர் கோணத்தை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் அளவை, மிகக் குறைவாக வைத்திருந்தார்கள். ரேடியல் டயரோடு அந்த அளவில் ஓட்டினால் நெடுஞ்சாலையில் கார் நேராக நிற்காது, ஸ்டீயரிங்கும் சோம்பலாகத் திரும்பும். 2 முதல் 3 பாகை பாசிட்டிவ் காஸ்டர், அதாவது அச்சின் மேல்முனை பின்னால் சாய்ந்த நிலை, கேளுங்கள். முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி நெருங்கியிருக்கும் டோ-இன் பதினாறில் ஒன்று முதல் எட்டில் ஓர் அங்குலம் வரை போதும். மேல் ஆர்மில் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை மாற்றிச் செய்ய வேண்டிய வேலை என்பதால் எல்லாக் கடைகளும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பழைய கார் பார்த்துப் பழகியவரைத் தேடிப் போங்கள்.

அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கார் நேராக ஓடும்போது ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றால், வீலைக் கழற்றித் திருப்பி மாட்டக் கூடாது. பாக்ஸை நடுவில் வைத்துவிட்டு, டை ராடுகளின் நீளத்தை மாற்றித்தான் சக்கரங்களை நேராக்க வேண்டும். வீலை மட்டும் திருப்பி மாட்டினால் பார்க்க நேராக இருக்கும். ஆனால் பாக்ஸ் நடுவை விட்டு விலகிய இடத்தில், பற்கள் தளர்வாக இருக்கும் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை வேலையும் செய்து போக்கிய ஆட்டம் அங்கே மறுபடி வந்து நிற்கும்.

முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில், 20 மைல் வேகத்தில் இருக்கட்டும். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்திப் பாருங்கள். வீல் தானாக நடுவை நோக்கி வர வேண்டும். வராமல் நின்றால் உடனே திரும்பி வந்து மூடித் திருகைத் தளர்த்துங்கள். அன்று நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் 100 மைல் ஓடிய பிறகு மறுபடி அடியில் படுத்து, பாக்ஸின் மூன்று போல்ட்டுகள், பிட்மேன் நட், இரண்டு லாக் நட்டுகள், டை ராடு கிளாம்புகள், ஒவ்வொரு ஸ்பிலிட் பின் என்று எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.